கையெழுத்து சிறுக்கிறது: பாலிசி முதலா, மருத்துவர் முதலா?

கேள்வி: என் கணவருக்கு வயது 56. சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதித் தருவது அவர் தொழில். எட்டு மாதமாக வலது கை நடுங்குகிறது. எழுதத் தொடங்கினால் வரியின் முடிவுக்குப் போகப் போக எழுத்து சிறுத்துக்கொண்டே வருகிறது. சென்ற மாதம் கையெழுத்து பொருந்தவில்லை என்று வங்கி ஒரு காசோலையைத் திருப்பிவிட்டது. வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர், நரம்பியல் நிபுணரிடம் போகச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்து மூன்று மாதம் ஆகிறது. கணவரோ, "நோயின் பெயர் ஏட்டில் ஏறிவிட்டால் எவனும் காப்பீடு தரமாட்டான். முதலில் பெரிய பாலிசி ஒன்று எடுத்துக்கொள்வோம், பிறகு போகலாம்" என்கிறார். இப்போது இருப்பது சிறிய தொகைக்கான பழைய மருத்துவக் காப்பீட்டுப் பாலிசி. ஓராண்டுக் குடும்பச் செலவுக்கு ஈடான நிரந்தர வைப்பு உண்டு; முதிர இன்னும் பதினான்கு மாதம். அதை உடைத்து மூளை ஸ்கேன் முதலியவற்றை எடுத்துக்கொண்டு நிபுணரிடம் போகலாமா? இல்லை, அவர் சொல்வதுபோல் காத்திருப்பதா?

பதில்: காத்திருக்க வேண்டாம். ஸ்கேனும் இப்போது வேண்டாம். வைப்பைத் தொட வேண்டாம். இந்த வாரமே நேரம் கேட்டு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். கை நடுங்குவதும் எழுத்து சிறுப்பதும் நடுக்குவாதத்தின், அதாவது பார்க்கின்சன் நோயின், அறிகுறிகளாக இருக்கலாம். பணத்தைப் பற்றிக் கேட்டவரை மருத்துவரிடம் அனுப்புவது தட்டிக்கழிப்பதுபோல் தோன்றலாம். ஆனால் என்ன நோய் என்று தெரியாமல் நான் போட்டுத் தரும் எந்தத் திட்டமும் அளவெடுக்காமல் தைத்த சட்டைதான்.

முதலில் உங்கள் கணவரின் யோசனைக்கு வருகிறேன். புத்திசாலிகள்தான் பெரும்பாலும் இதைச் சொல்கிறார்கள். அதனால்தான் இது ஆபத்தானது. காப்பீட்டுப் படிவம் நோயின் பெயரை மட்டும் கேட்பதில்லை. அறிகுறி ஏதாவது உண்டா, மருத்துவர் எவராவது பரிசோதனைக்கோ நிபுணரிடமோ போகச் சொல்லியிருக்கிறாரா என்றும் பொதுவாகக் கேட்கும். உங்கள் வீட்டில் மூன்று மாதத்துக்கு முந்தைய தேதியிட்ட சீட்டு ஒன்று இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு 'இல்லை' என்று எழுதினால், பெரிய தொகைக்கான கிளெய்ம் வரும் நாளில் நிறுவனம் பழைய மருத்துவக் குறிப்புகளைக் கேட்கும்போது அந்தச் சீட்டு தானாக எழுந்து நிற்கும். கிளெய்ம் மறுக்கப்படும். பாலிசியே ரத்தாகலாம், அப்படி ரத்தானால் வழுக்கி விழுந்து கால் முறிந்ததற்குக்கூடப் பணம் வராது. தேதி மாற்றிய வவுச்சர் எங்கே பிடிபடும் என்று கணக்கு எழுதுகிறவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மாறாக, நோய் உறுதியான பிறகு உண்மையைச் சொல்லி விண்ணப்பித்தால் சிலர் மறுப்பார்கள், சிலர் கூடுதல் பிரீமியம் கேட்பார்கள், சிலர் அந்த நோய்க்கு மட்டும் சில ஆண்டு காத்திருப்புக் காலம் வைப்பார்கள். எரிச்சலூட்டும் பதில்கள்தான். ஆனாலும் கையில் என்ன இருக்கிறது என்பது தெரிந்துவிடும். உங்கள் வீட்டில் உண்மையான சொத்து அந்தச் சிறிய பழைய பாலிசி. அது நடுக்கம் தொடங்குவதற்கு முன்பே எடுத்தது. புதுப்பிக்கும் தேதியை ஒரு நாள்கூடத் தவறவிடாதீர்கள். 'இதைவிட நல்லது' என்று எவராவது வந்தால் பழையதை விட்டுவிடாதீர்கள். தீவிர நோய்ப் பாலிசி ஏதாவது இருந்தால் நடுக்குவாதம் அதன் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் உடனே பணம் வரும் என்று நினைக்க வேண்டாம்: உடுத்துவது, உண்பது, குளிப்பது போன்ற வேலைகளில் சிலவற்றைத் தானாகச் செய்ய முடியாத நிலை வந்தால்தான் தருவோம் என்று பல பாலிசிகளில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். நீங்கள் வேலைக்குப் போகிறவராக இருந்தால், உங்கள் அலுவலகக் குழுக் காப்பீட்டில் கணவரைச் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். ஏற்கெனவே உள்ள நோயைக் குழுக் காப்பீடு பல இடங்களில் ஏற்றுக்கொள்கிறது. அப்படியானால் வேலையை விடும் எண்ணத்தை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள்.

அடுத்தது ஸ்கேன். நரம்பியலில் மிக மலிவான பரிசோதனை மருத்துவரின் கண். ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற லண்டன் மருத்துவர் 1817இல் இந்த நோயை விவரித்தபோது ஆறே பேரை வைத்து எழுதினார். அவர்களிலும் சிலரைத் தெருவில் பார்த்ததோடு சரி. இன்றைக்கும் நடுக்குவாதத்தை முடிவுசெய்வது பெரும்பாலும் அந்த வழியில்தான். நரம்பியல் மருத்துவர் கட்டைவிரலையும் ஆள்காட்டிவிரலையும் வேகமாகத் தட்டச் சொல்வார். பத்துத் தட்டில் விரல்களின் இடைவெளி குறுகுகிறதா என்று பார்ப்பார். மணிக்கட்டைப் பிடித்து அசைத்து விறைப்பு இருக்கிறதா என்று பார்ப்பார். நடக்கச் சொல்லி, எந்தக் கை வீச மறுக்கிறது என்று கவனிப்பார். ஒரு தாளில் சுருள் வரையச் சொல்வார். கை மடியில் சும்மா இருக்கும்போது நடுங்குகிறதா, தம்ளரைத் தூக்கும்போது நடுங்குகிறதா என்பதுதான் அவருக்கு முக்கியமான கேள்வி. நடுக்குவாதத்தில் சாதாரண எம்.ஆர்.ஐ. படம் பெரும்பாலும் ஒழுங்காகவே இருக்கும். வேறு காரணம் இருக்குமோ என்ற ஐயம் வந்தால் மருத்துவரே எடுக்கச் சொல்வார். எந்த வகைப் படம் என்பதையும் அவரே குறிப்பார். நீங்களாக முன்கூட்டி எடுத்தால், தேவையில்லாத படத்துக்குச் செலவழித்துவிட்டு, நோயோடு தொடர்பில்லாத ஏதோ ஒரு புள்ளி அதில் தெரிய, அதற்கு இன்னொரு பரிசோதனை என்று நூல் நீண்டுகொண்டே போகும். 'முழு மூளைப் பரிசோதனைத் தொகுப்பு' என்று விளம்பரம் வந்தால் அப்படியே மடித்து வைத்துவிடுங்கள்.

இன்னொன்று: இது நடுக்குவாதம்தான் என்று நீங்களே முடிவுகட்ட வேண்டாம். தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் கை நடுங்கும். குடும்ப வழியில் வரும் ஒருவகை நடுக்கம் உண்டு. எசென்ஷியல் டிரெமர் என்பார்கள். சில மாத்திரைகளே இந்த வேலையைச் செய்யும். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடு, தலைச்சுற்றலுக்குத் தரும் சின்னரிசின், மனநோய்க்கான சில மருந்துகள் ஆகியவற்றை நெடுநாள் சாப்பிட்டால் நடுக்குவாதம்போலவே தோன்றும் நிலை வரலாம். மருத்துவர் அந்த மாத்திரையை நிறுத்தினால் பலருக்குச் சரியாகிவிடும். அப்படியிருந்தால் உங்கள் மூன்று மாதப் பயமும் அந்தப் பெரிய பாலிசியின் பிரீமியமும் எதற்கு?

சரி, நடுக்குவாதமே என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் வைப்பை உடைக்க வேண்டாம் என்பேன். இதய அறுவை சிகிச்சைபோல் ஒரே நாளில் மொத்தமாகப் பணம் கேட்கும் நோயல்ல இது. பல ஆண்டு, மாதா மாதம் சொட்டுச் சொட்டாகக் கேட்கும். மாத்திரை, உடற்பயிற்சி சிகிச்சை, குளியலறையில் கைப்பிடி, பிற்பாடு துணைக்கு ஓர் ஆள். இவற்றையெல்லாம்விடப் பெரியது, எந்த ரசீதிலும் வராத செலவு: அவர் வருமானம் மெல்லக் குறைவதும், கவனித்துக்கொள்ள நீங்கள் வேலையைக் குறைத்துக்கொள்வதும். அதனால் உங்களுக்கு வேண்டியது பெரிய மூட்டையல்ல, மாதந்தோறும் வரும் நீரோட்டம். வைப்பு முதிரும்போது அதை நான்கைந்தாகப் பிரித்து, வெவ்வேறு மாதங்களில் முதிரும்படி போடுங்கள். பத்து ஆண்டுக்குப் பூட்டிவைக்கும் எந்தத் திட்டத்திலும் இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். கணவரின் வாடிக்கை நிறுவனங்களின் கணக்குகளைக் கணினிக்கு மாற்றுவதும், ஓர் உதவியாளரைப் பழக்குவதும் என் பார்வையில் முதலீடுதான். எழுதும் கை தளர்ந்தாலும் கணக்குப் பார்க்கும் தலை நெடுங்காலம் வேலை செய்யும்.

மருந்தில் மிச்சம் பிடிக்கலாம், ஆனால் மருத்துவரைக் கேட்டுத்தான். இந்த நோய்க்கு முதன்மையான மருந்து லெவோடோபா. அரை நூற்றாண்டுக்கு மேலாகப் புழக்கத்தில் இருக்கிறது, உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் உண்டு. அதே மருந்து பொதுப்பெயரில் குறைந்த விலையில் கிடைக்குமா என்று தயங்காமல் கேளுங்கள். மாதக் கடைசியில் பணம் போதவில்லை என்று மாத்திரையைக் குறைப்பதோ திடீரென நிறுத்துவதோ மட்டும் கூடாது, உயிருக்கே ஆபத்தாகலாம். மூளையில் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சையைப் பற்றி எவராவது சொன்னால், இப்போது அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். எல்லாருக்கும் அது தேவைப்படுவதில்லை, தொடக்கத்திலேயே செய்வதுமில்லை. என்றைக்காவது அந்தப் பேச்சு வந்தால், பொருத்தும் செலவோடு பேட்டரி மாற்றும் செலவையும் சேர்த்துக் கேளுங்கள்.

இனிச் சொல்லப்போவதைப் பல குடும்பங்களிடம் எவரும் சொல்வதில்லை. பிராமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற, இந்த நோய்க்குத் தரும் டோபமைன் வகை மாத்திரைகள் (மூளையில் உள்ள டோபமைன் என்ற வேதிப்பொருளைப்போல் வேலை செய்பவை) சிலருக்கு அடக்க முடியாத வேட்கையைக் கிளப்பிவிடும். அதுவரை லாட்டரிச் சீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காதவர் நள்ளிரவில் சூதாடுவார். சிக்கனமானவர் வேண்டாத பொருளாக வாங்கிக் குவிப்பார். 2010இல் வெளியான ஓர் ஆய்வில், 3,000க்கு மேற்பட்ட நடுக்குவாத நோயாளிகளில் ஏறக்குறைய 14 சதவீதம் பேருக்கு இப்படி ஏதாவது ஒரு கட்டுப்பாடின்மை இருந்தது. இந்த வகை மாத்திரை சாப்பிட்டவர்களிடையே அது இன்னும் அதிகம். இது குணக்கேடு அல்ல, மருந்தின் வேலை. மருத்துவர் அளவைக் குறைத்தாலோ மருந்தை மாற்றினாலோ பெரும்பாலும் அடங்கும். ஆனால் வெட்கப்பட்டு மறைப்பார்கள். ஆகவே அந்த மாத்திரை எழுதப்படும் நாளிலேயே, அவர் சம்மதத்தோடு, கணக்கிலிருந்து குறிப்பிட்ட தொகைக்கு மேல் பணம் போனால் உங்கள் கைபேசிக்கும் செய்தி வரும்படி செய்துகொள்ளுங்கள். கடன் அட்டையின் வரம்பைக் குறைத்துவையுங்கள். சண்டை வந்தபின் செய்வதைவிட இது எவ்வளவோ மேல்.

கையெழுத்துப் பிரச்சினையையும் இந்த மாதமே முடித்துவிடுங்கள். என் அலமாரியில் ஒரு வாடிக்கையாளரின் கோப்பு இருக்கிறது. முதல் படிவத்தில் அவர் கையெழுத்து கட்டத்தை மீறிக்கொண்டு நிற்கும். ஆறாம் ஆண்டில் கட்டத்தின் கீழ்மூலையில் எறும்பு ஊர்ந்ததுபோல் ஒரு கோடு. ஆண்டுதோறும் அந்தத் தாள்களை வாங்கி வைத்த நான் கவனிக்கவில்லை. வங்கிக் குமாஸ்தாதான் கவனித்தார். வங்கிக்கு இருவரும் போய்ப் புதிய மாதிரிக் கையெழுத்து கொடுங்கள். கணக்கை, இருவரில் எவர் வேண்டுமானாலும் இயக்கலாம் என்ற கூட்டுக் கணக்காக மாற்றுங்கள். நாமினி பெயர்களைச் சரிபாருங்கள். உங்களுக்கு அதிகாரப் பத்திரம் எழுதித் தருவதாக இருந்தால் வழக்கறிஞரிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: எழுதிக் கொடுத்தவரின் நினைவோ முடிவெடுக்கும் திறனோ போனபிறகும் அது செல்லுமா? பல நாடுகளின் சட்டத்தில் சாதாரண அதிகாரப் பத்திரம் சரியாக அந்த நேரத்தில்தான் செல்லாமல் போகும். எது தேவையோ அதை அவர் தெளிவாக இருக்கும்போதே எழுதிவிட வேண்டும்.

நான் சொன்ன இந்த நிதானமெல்லாம் மெதுவாக வரும் கோளாறுக்கு. திடீரென ஒருநாள் வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை கால் விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்குப் பொதுவாக நான்கரை மணி நேரம்தான் கெடு. எந்தப் பாலிசி, எந்த மருத்துவமனை பட்டியலில் இருக்கிறது என்று தேடிக்கொண்டு நிற்காமல் அந்தச் சிகிச்சை உள்ள பக்கத்து மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

நிபுணரைப் பார்க்கப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். நோயாளி சொல்லாமல் விடுவதை வீட்டார்தான் சொல்வார்கள். இரண்டு ஆண்டாகச் சாப்பிட்ட எல்லா மாத்திரைகளின் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள், அவ்வப்போது வாங்கியவை உட்பட. தொலைக்காட்சி பார்க்கும்போது அவர் கை நடுங்குவதைக் கைபேசியில் அரை நிமிடம் படம் பிடியுங்கள். மருத்துவர் முன்னால் நடுக்கம் சில நேரம் ஒளிந்துகொள்ளும். அவருடைய பழைய பேரேடு ஒன்றையும் இந்த ஆண்டுப் பேரேட்டையும் எடுத்துப் போங்கள். வங்கி திருப்பிய அந்தக் காசோலையையும் கிழித்துப் போடாமல் அவற்றோடு வையுங்கள்.