கிளையன்ட் ஸ்கிரிப்ட்டில் எழுதிய ஃபங்ஷன் ஹெச்டிஎம்எல் பட்டனுக்கு ஏன் தெரிவதில்லை?

இஆர்பிநெக்ஸ்ட்டில் (கம்பெனியின் கணக்கு, ஸ்டாக் பார்க்கும் மென்பொருள்) ஒரு ஃபாரத்தின் கிளையன்ட் ஸ்கிரிப்ட்டில், அதாவது பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட்டில், எழுதிய ஃபங்ஷனை அதே ஃபாரத்தில் போட்ட ஹெச்டிஎம்எல் பட்டன், டயலாக், லிஸ்ட் பக்கம் இவற்றிலிருந்து கூப்பிட்டால் 'நாட் டிஃபைன்டு' என்று வருகிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நானும் இதில் மாட்டியவன்தானுங்க. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு, சாயப்பட்டறையிலிருந்து துணி திரும்பும்போது போடும் இன்வேர்டு ஃபாரம் செய்தேன். 500 கிலோ கிரே துணி (சாயம் போடாதது) போய் 465 கிலோ வந்தால் ப்ராசஸ் லாஸ், அதாவது எடைக் குறைவு, 7 சதவீதம். அதற்கு ஒரு ஃபங்ஷன் எழுதி, பட்டனின் ஆன்கிளிக்கில் (அழுத்தினால் எது ஓடணும் என்று எழுதும் இடம்) அதன் பெயரைப் போட்டேன். அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. எஃப்12 தட்டிப் பார்த்தால் கன்சோலில் சிவப்பாக அதே வரி.

இஆர்பிநெக்ஸ்ட்டுக்கு அடித்தளமான ஃபிராப்பே உங்கள் ஸ்கிரிப்ட் முழுவதையும் ஒரு ஃபங்ஷனுக்குள் வைத்துத்தான் ஓட்டுகிறது. அதனால் உள்ளே எழுதியது வெளியே தெரியாது. ஆன்கிளிக்கோ விண்டோவில், அதாவது பக்கம் முழுவதற்கும் பொதுவான இடத்தில், போய்த் தேடும்.

எல்லோரையும் போல நானும் ஃபங்ஷனை விண்டோவில் மாட்டினேன். ஓடியது. அடுத்த மாதம் காம்பாக்டிங் (துணி சுருங்காமல் இருக்கச் செய்யும் வேலை) ஃபாரத்துக்கும் அதே பெயரில் வேறு கணக்கு எழுதினேன். ஸ்டோர்காரர் போன் போட்டார்: "ஏனுங்க தம்பி, காலைல சரியாத்தான இருந்துது, இப்பத் தப்பாக் காட்டுதுங்களே? ரெஃப்ரெஷ் பண்ணா மறுபடி சரியாயிருதுங்க." இரண்டு ஃபாரமும் திறந்திருந்தால் கடைசியாக லோட் ஆனது முன்னதை அழித்துவிடும். அரை நாள் போச்சு.

பட்டனுக்கு என் வழி இதுதான்: ஆன்கிளிக்கே எழுதாதீர்கள். ஃபாரம் திரையில் வரும்போதெல்லாம் ஓடும் ரெஃப்ரெஷ் ஈவன்ட்டில், அந்த ஹெச்டிஎம்எல் ஃபீல்டின் ரேப்பருக்குள் (ஃபீல்டைச் சுற்றியிருக்கும் உறைக்குள்) ஹெச்டிஎம்எல்லை வைத்து, அங்கேயே பட்டனைத் தேடிப் பிடித்து கிளிக்கைக் கட்டுங்கள். அந்த இடத்திலிருந்து ஃபங்ஷனும் தெரியும், ஃபாரமும் கையில் இருக்கும். அதே ஸ்கிரிப்ட்டிலிருந்து திறக்கும் டயலாக்குக்கும் இப்படியே.

வேறு ஃபைலிலிருந்து கூப்பிடணும் என்றால், ஃபங்ஷனைத் தனியாக விடாமல் ரெஃப்ரெஷ், வேலிடேட் எழுதும் அதே ஈவன்ட் தொகுப்புக்குள் போடுங்கள். பிறகு ஃபாரத்தின் ஈவன்ட்ஸ் வழியாக நேராகக் கூப்பிடலாம், ட்ரிக்கர் என்றும் கிளப்பலாம். அங்கே ஃபாரம் கையில் இல்லையென்றால் திரையில் இருக்கும் ஃபாரத்தைக் குறிக்கும் cur_frm என்ற பொது மாறியைப் பிடிக்கலாம். ஆனால் அது எந்த டாக்டைப் (எந்த வகை ஃபாரம்) என்று பார்த்துவிட்டுக் கூப்பிடுங்கள். வேறு ஃபாரத்துக்குப் போனால் அதுவும் மாறிவிடும்.

லிஸ்ட் பக்கத்துக்கு இது எதுவும் உதவாது, அங்கே ஃபாரம் ஸ்கிரிப்ட் லோடே ஆகியிருக்காது. பொதுவான கணக்கை உங்கள் ஆப்பில் தனி ஜாவாஸ்கிரிப்ட் ஃபைலாக, உங்களுக்கென்று ஒரு நேம்ஸ்பேஸில் (மற்ற பெயர்களோடு மோதாத தனிப் பெயருக்குக் கீழே) வைத்து, ஆப்பின் அமைப்புகள் இருக்கும் ஹுக்ஸ் ஃபைலில் சேர்த்துவிடுங்கள்.

இன்னொன்று, கிளிக்கைப் பட்டனுக்கு இல்லாமல் ரேப்பருக்கே கட்டினால், ஒவ்வொரு ரெஃப்ரெஷுக்கும் ஒன்று கூடிக்கொண்டே போகும். எனக்கு ஒரு அழுத்தலுக்கு மூன்று வரி ஏறியது. முதலில் பழைய கிளிக்கை ஆஃப் செய்துவிட்டுப் புதியதைக் கட்டுங்க.