தெருவில் திரியும் கறுப்புப் பன்றியும் காட்டுப்பன்றியும் பண்ணை வெண்பன்றியும் ஒரே இனமா? பன்றியை முதலில் எங்கே பழக்கினார்கள்?

மூன்றும் ஒரே இனம்தான். கொள்ளிடப் படுகையில் வாழைக்கிழங்கைத் தோண்டிப் போடுகிற காட்டுப்பன்றியும், கோடியக்கரைக் காட்டில் இருப்பதும், மன்னார்குடியில் எங்கள் தெருவுக்குப் பின்னால் வாய்க்கால் ஓரம் மேய்கிற கறுப்பும், பண்ணையில் நிற்கிற வெள்ளை யார்க்‌ஷயரும் ஒன்றோடொன்று சேர்ந்தால் குட்டி போடும், அந்தக் குட்டியும் பிறகு ஈனும்.

ஆனால் 'எங்கே பழக்கினார்கள்' என்பதற்கு ஒரு ஊர்ப் பெயரைச் சொல்லி முடிக்க முடியாது. இன்றைய துருக்கியின் கிழக்குப் பக்கத்தில் ஒரு தடவை, சீனத்தில் தனியாக இன்னொரு தடவை, இரண்டும் ஏறக்குறைய 9,000, 10,000 ஆண்டுகளுக்கு முன்னால் நடந்தவை. தாய் வழியாக மட்டும் இறங்கி வரும் மைட்டோகாண்ட்ரியா மரபணுவை வைத்து 2005-ல் வந்த ஒரு பெரிய ஆய்வு, வட இந்தியா உட்பட வேறு பல இடங்களிலும் உள்ளூர்க் காட்டுப்பன்றிகள் வீட்டுக்கு வந்திருக்கின்றன என்று காட்டியது. அதற்காக யாரோ போய்ப் பிடித்து வந்து கட்டிப்போட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். மனிதன் குடியிருந்த இடத்தில் குப்பையும் மிச்சமும் சேர்ந்தன, அதைத் தின்னப் பன்றி தானாக வந்தது, பயம் குறைந்தது அங்கேயே தங்கிவிட்டது. பல இடங்களில் இப்படித்தான் ஆரம்பித்திருக்க வேண்டும் என்கிறார்கள். கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் சாயங்காலம் போய் நின்று பாருங்கள், நம்புவதற்குக் கஷ்டமே இருக்காது.

துருக்கிப் பக்கத்துப் பன்றிகளை அங்கிருந்து கிளம்பிய விவசாயிகள் ஐரோப்பாவுக்கு ஓட்டிப் போனார்கள். போன இடத்தில் அவை உள்ளூர்க் காட்டுப்பன்றியோடு தலைமுறை தலைமுறையாகக் கலந்து, இன்றைய ஐரோப்பியப் பன்றியில் அந்தப் பழைய வம்சம் கிட்டத்தட்ட இல்லாமலே போய்விட்டது. பிறகு 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் சீனத்திலிருந்து கப்பலில் பன்றிகளைக் கொண்டுபோய் இங்கிலாந்தில் கலந்தார்கள், சீக்கிரம் கொழுக்கும், குட்டி நிறைய போடும் என்பதற்காக. நாம் 'சீமைப் பன்றி' என்று நினைக்கிற வெண்பன்றி வகைகளின் மரபணுவில் 20 முதல் 35 சதவீதம் வரை ஆசியாவிலிருந்து போனது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஈத்துக்குப் பத்துப் பன்னிரண்டு குட்டி என்று பெருமையாகச் சொல்கிறோமே, அதில் ஆசியப் பன்றிக்கும் பங்கு உண்டு.

காட்டுப்பன்றிக் குட்டியைப் பக்கத்தில் பார்த்திருக்கிறீர்களா? பழுப்பு உடம்பில் தலையிலிருந்து வால் வரை நீளமாக வெளிர்க் கோடுகள் ஓடும். புதருக்குள் படுத்தால் கண்ணுக்கே தெரியாது. சில மாதத்தில் கோடுகள் மறைந்துவிடும். வீட்டுப் பன்றிகளில் பெரும்பாலும் இந்தக் கோடு கிடையாது, ஏனென்றால் நிறத்தைத் தீர்மானிக்கிற மரபணுவில் மாற்றம் வந்துவிட்டது. காட்டில் அப்படி நிறம் மாறிய குட்டியை நரி கொண்டுபோய்விடும், வீட்டிலோ அது வித்தியாசமாக இருக்கிறது என்று மனிதனே வைத்து வளர்த்தான். சீனக் கறுப்புப் பன்றிக்கும் ஐரோப்பியக் கறுப்புப் பன்றிக்கும் கறுப்பு வந்தது அதே மரபணுவில்தான், ஆனால் வேறு வேறு மாற்றத்தால். இரண்டு இடத்திலும் தனித்தனியாகப் பழக்கினார்கள் என்பதோடு இது அப்படியே பொருந்துகிறது.

சரி, நம்ம ஊர்க் கறுப்புக்கு வருவோம். எனக்கு ஆதங்கம் இதில்தான். நாட்டுக்கோழி, நாட்டு நாய், உம்பளாச்சேரி மாடு என்று டெல்டா முழுக்க பேசுகிறோம், பேச வேண்டியதுதான், ஆனால் நாட்டுப்பன்றி என்றால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வள நிறுவனம் பதிவு செய்த பன்றி வகைகளின் பட்டியலைப் பாருங்கள்: மேற்கு வங்கத்தின் குங்ரு, மேகாலயாவின் நியாங் மேகா, நாகாலாந்தின் தென்யி வோ, நிக்கோபாரி, கோவாவின் அகோண்டா என்று போகிறது, பெரும்பாலும் கிழக்கும் வடகிழக்கும்தான். அங்கே பன்றியை மதிக்கிறார்கள், அதனால் யாராவது அளந்து எழுதி வைக்கிறார்கள். இங்கே நீள மூக்கும் சின்ன நிமிர்ந்த காதும், மிரண்டால் பிடரியில் சிலிர்த்து நிற்கும் முடியும் கொண்ட இந்தப் பன்றி யார் கணக்கிலும் வராமல் கலந்து கரைந்துகொண்டிருக்கிறது.

அறுவடை முடிந்த வயலில் அது கோரைக்கிழங்கைத் தோண்டித் தின்பதைப் பார்க்க வேண்டும், வாங்கிப் போட்ட தீவனம் ஒரு பிடி கிடையாது. குட்டி குறைவு, வளர்ச்சி மெது, அது உண்மை. ஆனால் வெயில்? எங்கள் பக்கம் ரொம்ப காலமாக வளர்க்கிற ஒரு அக்கா சொன்னது: "வெள்ளைக்கு நம்ம வெயிலு ஆவாது தம்பி, தோலு வெந்து உரியும். கறுப்பு சேத்துல பொரண்டுட்டு அதுபாட்டுக்குப் போயிரும்." பன்றிக்கு வியர்வையால் உடம்பைக் குளிரவைக்க முடியாது, சேறும் நிழலும்தான் கதி. வெள்ளைத் தோலுக்கு வெயிலைத் தடுக்கும் நிறமியும் இல்லை.

வெண்பன்றியே வேண்டாம் என்று சொல்லவில்லை, அதுதான் பலருக்குச் சோறு போடுகிறது. கறுப்பைக் கொஞ்சம் பேராவது கலப்பில்லாமல் வைத்திருக்க வேண்டும் என்கிறேன். வைத்திருப்பவர்கள் செய்கிற ஒரு தப்பு, ஒரே ஆண் பன்றியை அதன் மகள்களோடும் பேத்திகளோடும் விட்டுவிடுவது. குட்டி சிறுக்கும், எண்ணிக்கை குறையும், நோய் வந்தால் மொத்தமாகப் போகும். வளர்ந்த ஆண் பன்றியைப் பக்கத்து ஊர்க்காரரோடு மாற்றிக்கொண்டால் போதும், காசு செலவில்லை. அப்புறம், 2020-ல் அசாம் பக்கம் நுழைந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மனிதனுக்குத் தொற்றாது, ஆனால் பன்றிக்கு அதற்குச் சிகிச்சையே கிடையாது. அதனால் ஓட்டல் மிச்சத்தை நன்றாகக் கொதிக்கவைத்து ஆறிய பிறகு போடுங்கள், திடீரென்று இரண்டு மூன்று பன்றி காய்ச்சலில் விழுந்தால் மற்றதை அவசரமாக விற்றுவிடாமல் முதலில் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள்.