கொத்தமல்லியை நெருக்கி விதைத்தால் அதிகம் கிடைக்குமா?

காரைக்குடியில் வீட்டின் பின்கட்டில் கொத்தமல்லி, புதினா, கறிவேப்பிலை போடப் போவதாகச் சொல்லி, எவ்வளவு இடைவெளி விடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். செடிக்குச் செடி பதில் மாறும்.

நெருக்கினால் ஒவ்வொரு செடியும் இளைக்கும், ஆனால் பாத்தியின் மொத்த விளைச்சல் கூடும். ஓர் எல்லைக்குப் பிறகு அதுவும் ஏறாமல் நின்றுவிடும். வெளிச்சம், தண்ணீர், சத்து மூன்றையும் செடிகள் பங்கு போட்டுக்கொள்ளும்.

கொத்தமல்லியைத் தழைக்காகச் சின்னதிலேயே வேரோடு பிடுங்குகிறோம். அதனால் நெருக்கம் தாங்கும். விதையைத் தேய்த்து இரண்டாகப் பிளந்து, வரிசைக்கு வரிசை ஒரு சாண் விட்டு, வரிசைக்குள் நெருக்கமாகத் தூவுங்கள். மல்லி விதைக்காக வளர்ப்பதானால் வரிசைக்கு வரிசை 20 செ.மீ., செடிக்குச் செடி 15 செ.மீ. வேண்டும். ரொம்ப அடர்ந்துவிட்டால் அடித்தண்டு வெளிறி நீண்டு, தண்ணீர் ஊற்றியதும் சாயும். ஈரம் காயாமல் நாற்று அழுகும். அப்போது தயங்காமல் இடையிடையே சில செடிகளைப் பிடுங்கிக் கலைத்துவிடுங்கள். பிடுங்கிய குருத்து ரசத்துக்கு ஆகும்!

புதினாவுக்கு 40 செ.மீ. விடுங்கள். முதலில் வெறிச்சென்று தெரியும், ஆனால் ஓடுதண்டு பரவி இடத்தை நிரப்பிவிடும். கறிவேப்பிலைக்கு நாலைந்து அடி வேண்டும், அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

நம் செம்மண் சீக்கிரம் காய்வதால், நெருக்க நட்ட பாத்திதான் வெயிலில் முதலில் வாடும். மட்கிய சாணம் தாராளமாகக் கலந்தபின் விதையுங்கள்.