சிட்ரேட் முறைத் தங்க நானோதுகள்: 12 முதல் 40 நானோமீட்டர் வரை கலந்து வருவதற்கு

தங்க உப்பைச் சிட்ரேட்டால் தங்கத் துகள்களாக்கும்போது, எல்லாம் ஒரே அளவில் வராமல் 12 முதல் 40 நானோமீட்டர் வரை கலந்து வருகின்றன, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். சேர்க்கும் வரிசையைத் திருப்புங்கள். கொதிக்கும் தங்கக் கரைசலில் சிட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விடுவதாக எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் கோளாறே அதுதான். முதல் சொட்டுகளிலேயே கருக்கள் (துகள் வளரத் தொடங்கும் நுண்ணிய தங்கத் திரள்கள்) உருவாகி வளரத் தொடங்கிவிடும். பின்னால் விழும் சிட்ரேட் புதுக் கருக்களை உண்டாக்கும். முந்தியது பெரிதாகிவிடும், பிந்தியது சிறுத்தே நிற்கும்.

1. 150 மில்லி தூய நீரில் 97 மில்லிகிராம் ட்ரைசோடியம் சிட்ரேட் டைஹைட்ரேட் (2.2 மில்லிமோலார்). கண்டென்சர் (ஆவியைக் குளிர்வித்துத் திரும்ப விழச்செய்யும் குழாய்) மாட்டி, வேகமாகக் கலக்கியபடி கொதிக்க விடுங்கள்.

2. 25 மில்லிமோலார் குளோரோஆரிக் அமிலம் (இதுதான் தங்க உப்பு) 1 மில்லியை ஒரே வீச்சில் உள்ளே செலுத்துங்கள். மஞ்சள் மறைந்து, நீலம் கலந்த சாம்பலாகி, பத்து நிமிடத்தில் இளஞ்சிவப்பாகும். சாம்பலைப் பார்த்துப் பயந்து கொட்டிவிடாதீர்கள், அது வழியில் வரும் நிறம்தான்.

ஆறியதும் யூவி-விசிபிள் (எந்த அலைநீள ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று காட்டும் வரைகோடு) எடுத்துப் பாருங்கள். முகடு 520 நானோமீட்டரை ஒட்டியும், 650க்கு மேல் கோடு தாழ்ந்தும் இருக்க வேண்டும். அங்கே வால் தூக்கியிருந்தால் துகள்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அப்போது குடுவையைச் சந்தேகியுங்கள்: ராஜதிராவகத்தில் (ஹைட்ரோகுளோரிக் 3, நைட்ரிக் 1) கழுவி நீரில் பலமுறை அலசுங்கள், காந்தக் கலக்கியையும் விடாதீர்கள். ஃபியூம் ஹூடுக்குள்ளேயே (நச்சுப்புகையை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வகப் பெட்டி) செய்யவும், மிச்ச ராஜதிராவகத்தை மூடிய பாட்டிலில் வைக்கவே கூடாது. தங்க உப்பை அள்ள உலோகக் கரண்டியும் வேண்டாம், அரித்துவிடும்.

இந்த அளவில் கிடைப்பது சுமார் 10 நானோமீட்டர்தான். 30 வேண்டுமென்றால் இதையே விதையாக வைத்து, 90 டிகிரிக்கு இறக்கி, தங்கத்தைச் சிறுசிறு பங்காகச் சேர்க்க வேண்டும். கொதிநிலையிலேயே சேர்த்தால் மறுபடி புதுக் கருக்கள் முளைக்கும்.