அளவு கேட்காத ஆர்டர்

நாச்சியார்கோவில் விளக்குக் கடைக்காரர்: அன்னம் வைத்த குத்துவிளக்கு பன்னிரண்டுக்கு வெளிநாட்டிலிருந்து ஆர்டர். நாலு கார்டு ஓடவில்லை, ஐந்தாவது ஓடியது. இன்றே கூரியரில் போடச் சொல்கிறார். போடலாமா?

போடாதீர்கள். குத்துவிளக்கு வாங்குகிறவர் முதலில் உயரம் கேட்பார், அப்புறம் எடை. இவர் இரண்டும் கேட்டதாக நீங்கள் எழுதவில்லை. ஐந்து கார்டு என்பது திருட்டு எண்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது. கார்டு ஒரு நாட்டுடையது, சரக்கு போவது இன்னொரு நாட்டுக்கு என்றால் மோசடிதான், சந்தேகமே வேண்டாம். நம் ஊர்க் கார்டுக்கு ஓடிபி வேண்டும். வெளிநாட்டுக் கார்டுக்குப் பல சமயம் எண்ணும் பின்பக்க மூன்று இலக்கமும் போதும்.

பணம்தான் வந்துவிட்டதே என்பீர்கள். கார்டுக்குச் சொந்தக்காரர் இரண்டு மாதம் கழித்து 'நான் வாங்கவில்லை' என்றால், வங்கி அதை உங்கள் கணக்கிலிருந்தே பிடித்துக்கொள்ளும். சார்ஜ்பேக் என்று பெயர். திருடியது எவனோ, கார்டை ஓடவிட்டது வங்கி, தெண்டம் மட்டும் கடைக்காரருக்கு! இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. பணத்தை அதே கார்டுக்குத் திருப்பிவிடுங்கள். 'வேறு கணக்கில் போடுங்கள்' என்பார், கேட்காதீர்கள்.

மன்னார்குடி வாசகர்: தெரியாத கடை பெயரில் கார்டில் 2 ரூபாய் போயிருக்கிறது. சின்னத் தொகைதானே?

கார்டு ஓடுகிறதா என்று திருடன் ஆழம் பார்க்கிறான். இன்றே கார்டை முடக்குங்கள்.

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற ஆசிரியை: ஓடிபி வரவில்லை, யாருக்கும் எதையும் சொல்லவில்லை. நேற்று 18,000 ரூபாய் போய்விட்டது. வங்கியில் என் கவனக்குறைவு என்கிறார்கள்.

அவர்கள் சொன்னால் ஆயிற்றா, அம்மா? தவறு உங்கள் பக்கம் இல்லாமல் வெளி ஆளால் நடந்திருந்தால், பணம் போன தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் தெரிவித்தவருக்கு நஷ்டம் கிடையாது என்பது ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கை. உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் பேசுங்கள். வங்கியில் எழுத்தில் புகார் கொடுத்து எண் வாங்காமல் நாற்காலியை விட்டு எழாதீர்கள்.

கும்பகோணம் வாசகர்: இணையத்தில் திருபுவனம் பட்டு 999 ரூபாய். சரிபார்க்க கார்டின் இரு பக்கப் படமும் வாட்ஸ்அப்பில் கேட்கிறார்கள்.

அனுப்பினீர்களா இல்லையா, அதை எழுதவே இல்லையே! அனுப்பியிருந்தால் கார்டை முடக்கிவிட்டு மீதியைப் படியுங்கள். 2022 அக்டோபரிலிருந்து கடைகள் கார்டு எண்ணைச் சேமித்து வைக்கவே கூடாது. படம் கேட்கிறவன் எப்படிக் கடைக்காரன் ஆவான்? திருபுவனம் உங்களுக்கு டவுன் பஸ் தூரம். போய்த் தொட்டுப் பார்த்து வாங்க என்ன கேடு? நானும் ஒரு தீபாவளிக்கு இந்த விலையில் 'பட்டு' வரவழைத்தவன்தான். இப்போது அது எங்கள் வீட்டு ஸ்கூட்டருக்கு உறை.