விலை அதே விலை, நிறை மட்டும் குறைகிறது: வழக்குப் போடலாமா?

கேள்வி: ஒட்டுசுட்டான் பக்கம் இருக்கிறேன். மாதச் சாமான் எல்லாம் ஊர்க் கடையில் கொப்பிக்குத்தான் எடுப்போம். நெல் விற்றதும் கணக்கு முடிப்போம். நாங்கள் வழக்கமாக எடுக்கும் சவர்க்காரம் முன்பு 100 கிராம், இப்போது 85 கிராம், விலை அதே 150 ரூபாதான். பிஸ்கட் பக்கற் பெரிதாக இருக்கிறது, உடைத்தால் பாதி காற்று. போன கிழமை கடையில் கட்டி வைத்திருந்த ஒரு கிலோ பருப்பைக் கூட்டுறவுச் சங்கக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 920 கிராம்தான் இருந்தது. முதலாளியைக் கேட்டால், "கம்பனி குறைச்சு அனுப்புது, நான் என்ன செய்யிறது" என்கிறார். வழக்குப் போடலாமா? போட்டால் கொப்பியை மூடிவிடுவாரோ என்ற பயமும் இருக்கிறது.

பதில்: சகோதரி, முதலாளி சொன்ன பதில் சவர்க்காரத்துக்குச் சரி. பருப்புக்குச் சரிவராது. பருப்பை நிறுத்துக் கட்டியது கம்பனி இல்லை, அவருடைய கடை. உங்கள் கடிதத்தில் சட்டம் முழுதாக உங்கள் பக்கம் நிற்கிற இடம் இதுதான். ஆகவே முதலில் பருப்பு.

ஒரு கிலோ என்று சொல்லி விற்றால் பையின் நிறை போக ஒரு கிலோ உள்ளே இருக்க வேண்டும். குறைத்துக் கொடுத்துவிட்டு ஒரு கிலோவுக்குக் காசு எடுப்பது, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு தடுக்கிற நடத்தை. பாவனையாளரை ஏமாற்றுகிற, அல்லது ஏமாற்றக்கூடிய எந்த நடத்தையிலும் வியாபாரி ஈடுபடக் கூடாது என்கிறது அந்தப் பிரிவு. தராசே பிழையாக இருந்தால் 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் சட்டமும் சேர்ந்து வரும். வியாபாரத் தராசுகளை ஆண்டுதோறும் பரிசோதித்து முத்திரை குத்துவது அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களத்தின் வேலை. அடுத்த முறை போகும்போது கடைத் தராசில் அந்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

காசுக் கணக்கிலும் உங்களுக்கு ஒரு பிடி இருக்கிறது. பேசிய அளவை விடக் குறைத்துக் கொடுத்தால் வாங்கியவர் பொருளை ஏற்க மறுக்கலாம். ஏற்றுக்கொண்டால் பேசிய வீதப்படி கிடைத்த அளவுக்கு விலை கொடுத்தால் போதும். 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் தொட்டு இதுதான் விதி. கிலோ 300 ரூபா என்று வைத்தால், 920 கிராமுக்கு நீங்கள் தரவேண்டியது 276 ரூபா. கொப்பியில் 300 என்று எழுதியிருந்தால் அது திருத்தப்பட வேண்டிய கணக்கு. 24 ரூபாதானே என்று விடாதீர்கள். அதே பருப்பை ஊர் முழுக்க எடுக்கிறது. அறுவடை வரைக்கும் கொப்பியில் சாமான் எடுக்கிற குடும்பத்துக்கு, வாங்காத பருப்புக்கும் சேர்த்து நெல் விற்றுக் காசு கட்டுவது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் நீங்கள் ஒரு பையைத்தான் நிறுத்திருக்கிறீர்கள். ஒரு பை குறைந்தால் "கை தவறிப்போச்சு" என்று சொல்லித் தப்ப இடமுண்டு. இன்னும் இரண்டு மூன்று பை எடுத்து, கட்டை அவிழ்க்காமல், முத்திரை உள்ள தராசில் வைத்து நிறுங்கள். பையும் தராசின் இலக்கமும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி போனில் படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு ஆள் நிற்கட்டும், சங்கக் கடை முகாமையாளரே என்றால் இன்னும் நல்லது. பையை வீட்டில் உடைத்துச் சமைத்துவிட்டால் சான்று போய்விடும். ஒன்றையாவது அப்படியே வையுங்கள்.

இப்போது சவர்க்காரம். 85 கிராம் என்று உறையில் தெளிவாகப் போட்டு, உள்ளே 85 கிராம் இருந்தால், நிறையைக் குறைத்த ஒன்றுக்காக மட்டும் கம்பனி மீது வழக்கு நிற்காது. இதை எழுத எனக்கும் கசப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் பொய் நம்பிக்கை தந்து உங்களை அலைய வைக்க மாட்டேன். எவ்வளவு நிறையில் விற்பது என்பது பெரும்பாலான பொருட்களுக்கு உற்பத்தியாளரின் முடிவு. போட்டிருக்கிற நிறையை விட உள்ளே குறைவாக இருந்தால்தான் விஷயம் மாறும். பழைய நிறையின் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலோ, அச்சிட்ட விலையை அழித்து எழுதியிருந்தாலோ பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 11ஆம் பிரிவைப் பார்க்கலாம். நிறையைக் குறைத்துவிட்டு உறையில் "கூடுதல் அளவு" என்று போட்டிருந்தால் அது மறுபடி 30ஆம் பிரிவு. பழைய உறை ஒன்று வீட்டில் கிடந்தால் எறியாதீர்கள், புதியதோடு சேர்த்து வையுங்கள்.

பிஸ்கட் பக்கற்றும் கிட்டத்தட்ட இதே கதைதான். பை பெரிது, காற்று அதிகம் என்று முறையிடலாம், ஆனால் "நிறை போட்டிருக்கிறோமே" என்பது அவர்கள் கையில் இருக்கிற வலுவான பதில். அதற்கு வழக்கு என்று போக நான் சொல்ல மாட்டேன்.

அளவு சட்டத்தால் கட்டப்பட்ட பொருள் ஒன்று நம் எல்லார் வீட்டுக்கும் வருகிறது: பாண். நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 2024 பெப்ரவரியில் வந்த வர்த்தமானி அறிவித்தலின்படி ஒரு இறாத்தல் பாண் 450 கிராம், பாதிப் பாண் 225 கிராம் இருக்க வேண்டும். முழுப் பாணில் 13.5 கிராமும் பாதியில் 9 கிராமும்தான் குறையலாம். அதாவது 436.5 கிராமுக்குக் கீழே போனால் பிழை. காலையில் ஓட்டோவில் வருகிற பாணையும் ஒரு நாள் தராசில் வைத்துப் பாருங்கள்.

கம்பனி குறைப்பதைச் சட்டம் தடுக்காத இடத்தில் நமக்கு மிஞ்சுவது கணக்கு. 100 கிராம் 150 ரூபா என்றால் ஒரு கிராம் 1.50 ரூபா. 85 கிராம் அதே விலை என்றால் கிராம் 1.76 ரூபா. நிறை 15 வீதம்தான் குறைந்தது, ஆனால் விலை ஏறியது 17 வீதத்துக்கு மேல். பெரிய பக்கற் மலிவு என்றும் நம்பிவிடாதீர்கள். 100 கிராம் தேயிலை 230 ரூபாவாகவும் 400 கிராம் 980 ரூபாவாகவும் இருந்தால் சின்னதுதான் மலிவு. விலையை நிறையால் பிரித்துப் பார்த்தே எடுங்கள், போனில் அரை நிமிட வேலை.

இன்னொன்றும் இருக்கிறது. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, சுட்டுத்துண்டு (லேபல்), விலை குறித்தல், பொதி செய்தல் பற்றி உற்பத்தியாளருக்கும் வியாபாரிக்கும் பணிப்புரை விடுக்க அதிகாரசபைக்கு அதிகாரம் தருகிறது. நிறையைக் குறைத்தால் அதை உறையின் முகப்பில் சொல்ல வேண்டும் என்று ஒரு பணிப்புரை வந்தால் உங்கள் சவர்க்காரப் பிரச்சினைக்கு விடிவு வரும். நடக்காத காரியம் இல்லை. பிரான்சில் 2024 ஜூலை 1 முதல் பெரிய கடைகள் அப்படி நிறை குறைந்து விலை ஏறிய பொருட்களுக்குப் பக்கத்தில் அறிவித்தல் வைத்தே ஆக வேண்டும். அங்கே இருக்கிற நம் சொந்தக்காரருக்குக் கிடைக்கிற அறிவித்தல் முல்லைத்தீவில் இருக்கிறவருக்கும் கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் பழைய உறையையும் புதிய உறையையும் இணைத்து அதிகாரசபைக்கு ஒரு கடிதம் எழுதினால், அந்தக் கடிதத்தைத் தயாரிக்க நான் உதவுவேன்.

கொப்பி மூடுகிற பயத்துக்கு வருகிறேன். கடன் கொடுப்பதும் விடுவதும் முதலாளியின் விருப்பம், அதைச் சட்டம் கட்டாயப்படுத்தாது. ஆனால் காசு கொடுத்துக் கேட்கிறவருக்கு, கையிருப்பில் உள்ள பொருளை விற்க மாட்டேன் என்று அவர் சொல்ல முடியாது. 15ஆம் பிரிவு அதைக் குற்றமாக்குகிறது. நீங்கள் கேட்டால் திகதி, அளவு, விலை எழுதிப் பற்றுச்சீட்டுத் தரவேண்டிய கடமையும் 28ஆம் பிரிவில் இருக்கிறது. கொப்பிக்கு எடுக்கிறவர்கள் இதைக் கேட்பதே இல்லை. சீட்டுக் கேட்கக் கூச்சமாக இருந்தால், உங்கள் கொப்பியிலாவது "பருப்பு 1 கிலோ" என்று அளவோடு எழுதச் சொல்லுங்கள். வெறும் தொகையை மட்டும் எழுத விடாதீர்கள். அளவு எழுதி அவர் கையொப்பம் வைத்த கொப்பி உங்களுக்கு நல்ல சான்று.

நேரே முறைப்பாட்டுக்குப் போகாமல், படங்களோடு முதலாளியிடம் ஒரு தடவை பேசிப் பாருங்கள். பேசி முடித்து, கணக்கையும் திருத்தி, ஒழுங்காக நிறுத்துக் கொடுக்கத் தொடங்கினால் நீங்கள் கேட்டது கிடைத்தது. திருந்தவில்லை என்றால் இரண்டு வழி உண்டு. அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்துத் தகவல் சொன்னால் அதிகாரிகள் தாங்களே வந்து கடையைச் சோதிக்கலாம். உங்களுக்கு நட்டஈடோ காசோ திரும்ப வேண்டும் என்றால் 13ஆம் பிரிவின் கீழ் எழுத்தில் முறைப்பாடு செய்ய வேண்டும். அதற்குக் கெடு, வாங்கிய நாளில் இருந்து மூன்று மாதம். நெல் விற்றுக் கணக்கு முடிக்கும்வரை பொறுத்திருந்தால் கெடு கடந்துவிடக்கூடும்.

முறைப்பாட்டை முல்லைத்தீவு மாவட்டச் செயலகத்தில் உள்ள அதிகாரசபைப் பிரிவில் தமிழிலேயே கொடுக்கலாம். வடக்கில் நிர்வாக மொழி தமிழ் என்பது அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை. கடையின் பெயர், வாங்கிய திகதி, சொன்ன நிறை, நிறுத்தபோது இருந்த நிறை, எந்தத் தராசு, யார் பக்கத்தில் நின்றார்கள் என்பதை எழுதுங்கள். படங்களையும் கொப்பிப் பக்கத்தின் பிரதியையும் இணையுங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள், தபாலில் என்றால் பதிவுத் தபாலில் அனுப்பி அந்தத் துண்டைப் பத்திரப்படுத்துங்கள்.