போட்டியாளர் பற்றிய தகவலை ஆராயும்போது நம் மனச்சாய்வு குறுக்கே வராமல் பார்த்துக்கொள்வது எப்படி?

நீங்கள் விநியோகஸ்தர் வழியாக விற்கும் மசாலாப் பொடி மாதிரியான சரக்கு செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். எதிர்க் கம்பெனி திடீரென்று பத்து சதவீதம் விலை இறக்கிவிட்டது. "அவனுக்குப் பணமுடை" என்று ஆபீஸில் யாராவது உடனே சொல்வார்கள். கேட்க இனிப்பாக இருக்கும். அங்கேதான் வழுக்கும்.

தகவல் தேடப் போகும் முன்பே சாத்தியங்களை எழுதிவிடுங்கள்: பணமுடை, தேதி நெருங்கிய சரக்கு, உற்பத்தி கூடியது, விநியோகஸ்தர் தன் லாபத்தில் விட்டுக்கொடுப்பது. தாளின் மேலே இந்த நான்கு, பக்கவாட்டில் கிடைத்த தகவல்கள். இந்த அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்திலும் "இது எந்தச் சாத்தியத்தை உடைக்கிறது?" என்று மட்டும் கேளுங்கள். அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏவில் இருந்த ரிச்சர்ட்ஸ் ஹியூயர் வகுத்த முறை இது. "கடையில் அவர்கள் சரக்கு குவிந்து கிடக்கிறது" என்ற செய்தி நான்குக்கும் பொருந்தும், எதையும் பிரித்துக் காட்டாது; அதைக் கோடு போட்டு அடித்துவிடுங்கள்.

பிரித்துக் காட்டும் தகவல் பெரும்பாலும் பாக்கெட்டிலேயே இருக்கும். ஐந்தாறு ஊர்களில் வாங்கிப் பாருங்கள். அச்சிட்ட எம்ஆர்பியே இறங்கியிருந்தால் அது விநியோகஸ்தர் வேலை இல்லை. பேக்கிங் மாதம் புதிது என்றால் பழைய சரக்குக் கதை போயிற்று. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் 14 இலக்க உரிம எண் மாறியிருந்தால் வேறு இடத்தில் தயாராகிறதா என்று விசாரியுங்கள்.

பிரைவேட் லிமிடெட் என்றால் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் நூறு ரூபாய் கட்டி ஆவணம் பார்க்கலாம். மார்ச் கணக்கு பெரும்பாலும் அக்டோபர் கடைசியில்தான் ஏறும், அதாவது ஏழு மாதப் பழசு. வங்கிக் கடன் அடமானப் பதிவுக்கு 30 நாள் கெடு என்பதால் அது புதிதாக இருக்கும். ஆனால் புதுக் கடனைக் கண்டதும் பணமுடை என்று துள்ள வேண்டாம். அடமானம் புது மெஷின் மேலா, கையிருப்புச் சரக்கு, வரவேண்டிய பாக்கி மேலா என்று படியுங்கள். மெஷின் என்றால் உற்பத்தி கூடுவதாகவும் இருக்கலாம்.

மூன்று சேல்ஸ் பையன்கள் ஒரே செய்தி கொண்டுவந்தால், மூவருக்கும் சொன்னது யார் என்று கேளுங்கள். ஒரே விநியோகஸ்தர் என்றால் அது ஒரு தகவல்தான். ஆர்டர் கைவிட்டுப் போனதற்கு அவர்கள் சொல்லும் காரணம் எப்போதும் "விலை"யாகவே இருக்கும். பையன்களைக் குறை சொல்லவில்லை, நஷ்டத்துக்குத் திட்டும் முதலாளியிடம் வேறு என்ன சொல்வார்கள்? ராணுவ உளவுத்துறை வழக்கப்படி செய்தி சொன்ன ஆளின் நம்பகத்துக்கு ஏ முதல் எஃப் வரை, செய்தியின் உண்மைக்கு 1 முதல் 6 வரை (ஏ, 1 இரண்டும் மேல்தரம்) தனித்தனியாகத் தரம் போடுங்கள். நம்பகமான ஆளும் தவறான செய்தி கொண்டுவருவார்.

கூட்டத்தில் முதலாளி வாய் திறக்கும் முன் எல்லோரும் தங்கள் கணிப்பைச் சீட்டில் எழுதித் தரட்டும். "சின்னக் கம்பெனிக்கு இதெல்லாம் எதற்கு" என்று கீழே கமெண்ட் வரும், தெரியும். பாக்கெட் வாங்குவது தவிர மொத்தம் அரை நாள் வேலை. சீட்டில் தேதியும் போட்டு வையுங்கள். மூன்று மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால் யார் கணிப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியும்.